ஒற்றைப் பின்னா, ஐந்து பின்னா? மாந்தோப்பில் முடிவான வில் சைட் கணக்கு

போன சித்திரையில் என் காம்பவுண்ட் வில்லுக்கு, அதாவது முனைகளில் கப்பி வைத்த வில்லுக்கு, நாண் மாற்றினேன். கையோடு கொஞ்சம் கனமான அம்புக்கும் மாறினேன். அன்று வில்லில் இருந்தது ஐந்து பின் சைட், அதாவது ஐந்து ஊசிகள் வைத்த குறிபார்க்கும் கருவி. 20, 30, 40, 50, 60 கெஜத்துக்கு மேலிருந்து கீழாக ஐந்து ஒளிப்புள்ளிகள். மறுநாள் தோப்பில் எய்து பார்த்தால் ஐந்துமே பொய் சொல்லின. சரிசெய்ய மூன்று ஞாயிறு போயிற்று. அதற்கப்புறம்தான் ஒற்றைப் பின் ஸ்லைடர், அதாவது சக்கரத்தைத் திருப்பினால் ஏறி இறங்கும் ஒரே பின் உள்ள சைட், வாங்கினேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இந்த இரண்டு வகை சைட்டும் அமெரிக்க வில் வேட்டைக்காரர்களை மனதில் வைத்துச் செய்தவை. இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. காட்டுப்பன்றி கடலைக் காட்டை உழுது போட்டுவிட்டுப் போனாலும் நாமாக அம்பு எய்ய முடியாது. காவேரிப்பட்டினம் பக்கத்து மாந்தோப்பில் நாங்கள் குறி வைப்பது ஃபோம் பன்றி, ஃபோம் மான். மரங்களுக்கு இடையே ஒவ்வொன்றும் ஒவ்வொரு தூரத்தில் நிற்கும். நடந்துகொண்டே எய்ய வேண்டும்.

அடிப்படை வித்தியாசம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பல பின்னில் தூரத்துக்கு ஒரு புள்ளி. தூரத்தைக் கணித்து, அதற்குரிய புள்ளியை வைத்து எய்ய வேண்டியதுதான். ஒற்றைப் பின்னில் தூரம் அளந்து, சக்கரத்தைத் திருப்பி அந்த எண்ணுக்குக் கொண்டுவந்து எய்ய வேண்டும். ஒன்றில் வேகம், மற்றதில் தெளிவு. 37 கெஜம் என்றால் ஒற்றைப் பின் 37லேயே நிற்கும். ஐந்து பின்னில் 30க்கும் 40க்கும் நடுவே காற்றில் ஒரு புள்ளியைக் கற்பனை செய்ய வேண்டும். நம் பக்கத்து நடுகற்களில் வில்லும் கையுமாக நிற்கிற வீரர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இருந்திருக்காது.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. அதை யாரும் வாங்கும்போது யோசிப்பதில்லை, நானும் யோசிக்கவில்லை. எல்லாப் பின்னும் ஒரே அளவு மேலேயோ கீழேயோ தப்பினால் கவலையில்லை. பின்கள் பொருத்தியிருக்கும் வளையத்தையே மொத்தமாக நகர்த்திவிடலாம். ஆனால் அம்பின் வேகம் மாறினால் அந்த வித்தை பலிக்காது. அம்பு கனத்தால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் பின்களுக்கு நடுவே உள்ள இடைவெளி விரியும். அப்போது ஒவ்வொரு பின்னையும் தனித்தனியாக, அதன் பொடி திருகைத் தளர்த்தி, எய்து, நகர்த்தி, மறுபடி எய்து பார்க்க வேண்டும். ஐந்து தூரம், தூரத்துக்கு நாலைந்து சுற்று. நடுவில் ஒரு திருகு கையிலிருந்து நழுவிக் காய்ந்த புல்லுக்குள் போனது. ஊரில் எந்தக் கடையில் கேட்டாலும் அந்த அளவில் கிடைக்கவில்லை. இணையத்தில் வாங்கி வரவழைத்த பொருளுக்கு உதிரிபாகம் கேட்டால் முழு சைட்டையும் மறுபடி வாங்கச் சொல்கிறார்கள்.

ஒற்றைப் பின்னில் அதே வேலை ஒரு காலையில் முடிகிறது. 20 கெஜத்தில் எய்து சக்கரத்தில் ஒரு கோடு, 60 கெஜத்தில் எய்து ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கும் பொருந்துகிற, தூர எண்கள் அச்சிட்ட டேப்பைப் பெட்டியோடு வந்த கட்டிலிருந்து தேடி ஒட்டினால் நடுவில் உள்ள தூரமெல்லாம் தானே வந்துவிடும். அம்பு மாற்றினால் டேப் மாறும், அவ்வளவுதான். வெயில் காலத்தில் மூடிய காருக்குள் வில்லை வைத்து நாண் இளகிப்போனாலும் இதே வேலைதான். கிருஷ்ணகிரி வெயிலில் அது எனக்கு ஒரு முறை நடந்திருக்கிறது. இப்போது வில்லைக் காரில் விடுவதில்லை.

குறையே இல்லையா? இருக்கிறது. சக்கரத்தின் பல்லில் செம்மண் தூசி ஏறும். எண்ணெய் விட்டால் தூசி இன்னும் ஒட்டும். பழைய பல் துலக்கும் பிரஷ்தான் மருந்து. பெரிய குறை மறதி. 40ல் எய்துவிட்டு, சக்கரத்தைத் திருப்ப மறந்து 30ல் நிற்கிற பன்றியை எய்தால் அம்பு ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக மேலே போகும். எங்கள் தோப்புக்குப் பின்னால் இருப்பது மண்மேடு இல்லை, கருங்கல் பாறை. மறதிக்கு ஒன்று என்று இதுவரை நாலு அம்பு உடைந்திருக்கின்றன. இப்போது ஒவ்வொரு முறை எய்ததும் 25க்குத் திருப்பி வைக்கப் பழகிவிட்டேன். ஐந்து பின்னிலும் தவறான பின்னை வைத்து எய்து உடைத்தது உண்டு. அந்தக் கணக்கு இதைவிடக் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஓடுகிற விலங்கின் முன்னால் சக்கரம் திருப்ப நேரமிருக்காது, அதனால்தான் பல பின் என்று வேட்டைக்காரர்கள் சொல்கிறார்கள். நான் வேட்டையாடியதில்லை, அதில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஃபோம் பன்றி ஓடாது. 2023இல் 17 வயதில் பெர்லினில் உலகச் சாம்பியன் ஆன இந்திய வீராங்கனை அதிதி சுவாமி எய்கிற காம்பவுண்ட் போட்டியில் தூரம் 50 மீட்டர். இலக்கும் அசையாது, தூரமும் மாறாது. அந்த வழியில் போக நினைக்கிறவருக்கு ஒற்றைப் புள்ளிக்குக் கண் பழகியிருப்பது நல்லது. மூன்று பின்னும் சக்கரமும் சேர்ந்த கலப்பு வகையும் உண்டு. நண்பர் வில்லில் ஒரு மாலை எய்து பார்த்ததோடு சரி.

என் பழைய சைட் இப்போது சித்தப்பா பையனிடம். “அண்ணா, 50, 60 எனக்கு எதுக்குண்ணா?” என்று கேட்டு இரண்டு பின்னைக் கழற்றிவிட்டான். தூரம் அளக்கும் கருவி அவனிடம் இல்லை. கண் கணக்கில் எய்கிறவனுக்கு அந்த மூன்று பின் போதும். கருவி வாங்காமல் ஒற்றைப் பின் மட்டும் வாங்குவது வீண் செலவு.

எதை வாங்கினாலும் மூன்றாம் அச்சைச் சரிபார்த்துவிடுங்கள். சைட் வளையம் கதவுபோல லேசாகத் திரும்பி நின்றால் சமதளத்தில் தெரியாது. மேட்டிலிருந்து கீழே எய்யும்போது சைட்டில் உள்ள மட்டக் குமிழி நடுவில் நிற்கும், அம்பு மட்டும் பக்கவாட்டில் விலகும். பாறைமேல் ஏறி நின்று எய்கிற நம் ஊரில் அந்த விலகலுக்கு நான் ஒரு மாதம் என் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.