வண்டியில் புதுச் சத்தமா? சர்வீஸ் சென்டர், என்ஜின் இறக்கும் பட்டறை, பின்சீட்டில் ஏறும் மெக்கானிக்: மூன்றையும் பார்த்தாயிற்று

வண்டி 2005-ல் அப்பா வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் பிளஸ். 97.2 சிசி, முன்பக்கம் பார்த்துப் படுத்திருக்கும் சிலிண்டர், நாலு கியர். கிலோமீட்டர் கேபிள் அறுந்து வருடக்கணக்காகிறது. எவ்வளவு ஓடியிருக்கும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அப்பா காலத்திலும் சரி, என் காலத்திலும் சரி, ஆயிலை நாள் பார்த்து மாற்றியதே கிடையாது. ஆகவே இதில் வந்த கோளாறு எதற்கும் வண்டியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

போன ஐப்பசியில் ஒரு சத்தம் ஆரம்பித்தது. ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் தெருவில் மதில் ஓரமாக வரும்போது, சுவரில் பட்டுத் திரும்பி, "டிக் டிக் டிக்" என்று காதில் விழுந்தது. நான் மட்டும் போனால் அவ்வளவாகத் தெரியவில்லை. மனைவி பின்னால் உட்கார்ந்திருந்தால் தெளிவாகக் கேட்டது. மேம்பாலம் ஏறினால் இன்னும் பலமாகக் கேட்டது. வீட்டு வாசலில் ஸ்டாண்டு போட்டு முறுக்கிப் பார்த்தால் வழக்கமான சத்தம்தான், வேறொன்றும் இல்லை. பல்வலிக்காரன் டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் வலி நின்றுபோகுமே, அந்தக் கதைதான்.

இதற்கு மூன்று இடங்களில் காட்டினேன்.

முதலில் சர்வீஸ் சென்டர். எல்லாக் கம்பெனி வண்டியும் பார்க்கிற, காத்திருக்க ஏசி அறை வைத்த இடம். அங்கே நல்லது இல்லை என்று சொல்ல மாட்டேன். பில் கொடுக்கிறார்கள், பழைய பார்ட்ஸைக் கவரில் போட்டுத் திருப்பித் தருகிறார்கள், சாயந்திரம் சொன்னால் சாயந்திரம் வண்டி தயார். ஆனால் நான் பத்து நிமிடம் விவரித்ததை அந்தப் பையன் ஜாப் கார்டில் இரண்டே வார்த்தையாக எழுதினான்: "என்ஜின் சத்தம்". உள்ளே வண்டியைப் பார்த்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஆயில், டைமிங் செயின், அதன் ரப்பர் ரோலர், டேப்பெட் (வால்வைத் தட்டித் திறக்கிற பாகம்) செட்டிங் என்று 2,640 ரூபாய். அடுத்த நாள் மதில் ஓரத்தில் அதே டிக் டிக்.

இரண்டாவது, என்ஜின் இறக்கும் பட்டறை. வண்டியை நியூட்ரலில் வைத்து இரண்டு முறை ரேஸ் கொடுத்தார், தலையை ஒரு பக்கம் சாய்த்தார், முடிந்தது. "கிராங்க் போயிருக்கு சார். இறக்கிடலாம். பிரிச்சுப் பார்த்தாதான் மத்ததைச் சொல்ல முடியும், பத்தாயிரம் கையில வெச்சுக்குங்க." இந்த வகைப் பட்டறைகளை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க்; இரண்டையும் இணைக்கிற கனெக்டிங் ராடின் பேரிங் உண்மையிலேயே ஆட ஆரம்பித்திருந்தால் வேறு வழியே இல்லை. இறக்கி, லேத்தில் கொடுத்து, கிராங்கைப் பிரஸ் பண்ணி வாங்கித்தான் ஆக வேண்டும். அதோடு ஓட்டிக்கொண்டே இருப்பது முட்டாள்தனம். எனக்கு அந்த வேலை இதுவரை வந்ததில்லை, அதனால் அதில் நல்ல பட்டறையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்கிற அனுபவம் எனக்குக் கிடையாது. ஆனால் ஒன்று. பிரித்துப் பார்த்துத்தான் சொல்வேன் என்றால், பிரித்த பிறகு சத்தம் எங்கே இருக்கும்? ஓடாத என்ஜினில் சத்தம் ஏது? மேஜையில் கிடக்கிற இருபது வருடத்துப் பாகங்களில் எதை எடுத்தாலும் கொஞ்சம் தேய்ந்துதான் இருக்கும். எல்லாவற்றுக்கும் காசு கொடுத்துவிட்டு, குற்றவாளி எது என்று தெரியாமலேயே வீட்டுக்கு வரலாம்.

மூன்றாவது, திருச்சி பாலக்கரைப் பக்கம் ஒரு சந்தில் முப்பது வருடமாகக் கடை வைத்திருக்கும் ஒரு பாய். கடை என்றால் ஒரு ஷட்டர், ஒரு முக்காலி, தரை முழுக்க ஆயில் கறை. வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லவே இல்லை. முதலில் கேள்விகள்தான்.

"காலையில முதல் கிக்குல வருதா, ஓடின பிறகு வருதா?"

"ரெண்டுலயும் பாய். பாலம் ஏறினா ஜாஸ்தி."

"கிளட்ச் புடிச்சா மாறுதா?"

யோசித்துப் பார்த்ததில்லை. அதுவரை யாரும் கேட்கவும் இல்லை.

"ஆக்ஸிலேட்டரை விடும்போது சைலன்சர்ல பட் பட்டுன்னு வெடிக்குதா?"

வெடித்தது. பழைய வண்டி, பெட்ரோல் சரியில்லை என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு அதை விட்டிருந்தேன். பாய் தலையாட்டிவிட்டு, "எடு தம்பி, போகலாம்" என்று பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

மற்ற இரண்டு இடத்துக்கும் இவருக்கும் வித்தியாசம் இந்த ஒன்றுதான். கைராசி, அனுபவம் எல்லாம் அப்புறம். சத்தம் வருகிற நேரத்தில் அவர் வண்டி மேல் இருந்தார். அவர் எண்பது கிலோ இருப்பார். அவர் ஏறியதாலேயே என்ஜினுக்குச் சுமை கூடி, சத்தம் தானாக வெளியே வந்தது.

இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். நியூட்ரலில் எவ்வளவு முறுக்கினாலும் என்ஜின் வேகமாகச் சுற்றுமே தவிர எதையும் இழுக்காது. பாரம் இழுக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் வேறு, அப்போது வரும் சத்தமும் வேறு. பிஸ்டன் தேய்ந்து ஆடுகிறது என்றால் காலையில் குளிர்ந்த என்ஜினில் முதல் சில நிமிடம் கடகடவென்று கேட்கும். சூடேறி பிஸ்டன் விரிந்ததும் அடங்கும். மத்தியானம் கொண்டுபோய்க் காட்டினால் ஒன்றுமே இல்லை என்பார்கள். டைமிங் செயின் தளர்ந்திருந்தால் ஐட்லிங்கிலும், ஆக்ஸிலேட்டரை விடும்போதும் இடது பக்கம் சரசரக்கும். கிளட்ச் பக்கத்துச் சத்தம் வலது பக்கம்; லீவரைப் பிடித்தால் சட்டென்று மாறும் அல்லது நிற்கும். கனெக்டிங் ராடு அடி வாங்கினால் டிக் என்று வராது, டொக் டொக் என்று கனமாக வரும். மேல் கியரில் இழுக்க முடியாமல் இழுக்கும்போது கூடும். ஆக ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு நேரம், ஒரு பாரம், ஒரு பக்கம் உண்டு. ஜாப் கார்டில் "என்ஜின் சத்தம்" என்று எழுதியபோது என் வண்டி விஷயத்தில் தொலைந்தது இவ்வளவும்.

பாலத்தில் பாதி ஏறியதும் பாய் என் தோளைத் தட்டினார். கிளட்சைப் பிடிக்கச் சொன்னார், விடச் சொன்னார். மூன்றாவது கியரில் மெதுவாகப் போய் ஒரேயடியாக முறுக்கச் சொன்னார். திரும்பி வந்து ஒரே ஒரு பரிசோதனைதான். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஈரத்துணியைச் சுருட்டி சைலன்சர் வாயில் பாதி மறைத்துப் பிடித்தார். டிக் டிக் என்றிருந்தது "சப் சப் சப்" என்று காற்றுச் சத்தமாக மாறி, முன்பக்கம் சிலிண்டர் ஹெட்டில் இருந்து தெளிவாகக் கேட்டது. என்ஜினை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்க்கச் சொன்னார். புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் பெண்ட் பைப் ஹெட்டில் சேருகிற இடத்தில், சேற்றுக்கும் துருவுக்கும் நடுவே, கண் மை இழுத்த மாதிரி ஒரு கரிக்கோடு.

அந்த இணைப்பை இடைவெளி இல்லாமல் அடைக்கிற சைலன்சர் பேக்கிங் எரிந்துபோய் அங்கே புகை கசிந்திருக்கிறது. ஒரு நட்டு லூஸ் வேறு. ஆக்ஸிலேட்டரை விடும்போது அதே ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே போய், பாதி எரிந்த பெட்ரோலோடு சேர்ந்து வெடித்திருக்கிறது.

சர்வீஸ் சென்டரில் டேப்பெட் என்று நினைத்ததிலும் தப்பில்லை. நாலு ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் (டேப்பெட்டை இயக்குகிற தண்டு) ஒரு சுற்றுதான் சுற்றும். டேப்பெட் தட்டுவதும் புகை வெளியே வருவதும் ஒரே தாளத்தில்தான். காதால் மட்டும் பிரிப்பது கஷ்டம். கரிக்கோடும் ஈரத்துணியும்தான் பிரித்துக் காட்டின.

வேலை என்று பார்த்தால் நட்டைக் கழற்றியதுதான் வேலை. நட்டு மாட்டியிருக்கும் துருப்பிடித்த ஸ்டட் முறிந்தால் ஹெட்டையே கழற்றி லேத்துக்குப் போகும் என்று, டீசல் ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பத்தாம் நம்பர் ஸ்பேனரில் கால் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று பொறுமையாக எடுத்தார். பேக்கிங் 40 ரூபாய், கூலி 200.

அதோடு விடவில்லை. மறுநாள் காலை குளிர்ந்த என்ஜினோடு வரச் சொன்னார். மேக்னட் சக்கரத்தில், பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் "டி" குறியை நேராக வைத்து டேப்பெட்டைப் பார்த்தால், இரண்டும் இடைவெளியே இல்லாமல் இறுகியிருந்தன. சத்தத்தை அடக்குவதற்காக யாரோ இறுக்கியிருக்கிறார்கள். "சத்தம் போடுற டேப்பெட் பொழைச்சுக்கும் தம்பி, சத்தமே போடாததுதான் வால்வை எரிச்சிடும்" என்றார். இறுகியிருந்தால் வால்வு முழுதாக உட்காராது, சூடு ஹெட்டுக்கு இறங்காது, எக்ஸாஸ்ட் வால்வு கருகும். 2,640 ரூபாய் கொடுத்து நான் அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

நாமே கண்டுபிடிக்கலாமே என்பவர்களுக்கு: நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை என்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்கும் வித்தையை நானும் செய்து பார்த்தேன். எங்கே வைத்தாலும் சத்தம் கேட்டது. இரும்பும் அலுமினியமும் சத்தத்தை எல்லாப் பக்கமும் கடத்தும். நல்ல என்ஜின் எப்படிக் கேட்கும் என்று பழகாத காதுக்கு அது குழப்பம்தான். அதைவிட, சத்தம் எப்போது, எந்தக் கியரில், எத்தனை பேர் உட்கார்ந்தால் வருகிறது என்று ஒரு வாரம் கவனித்துக் குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போவது உருப்படியான காரியம். லெக் கார்டு, செயின் கவர், என்ஜின் மவுண்டிங் போல்ட் ஆகியவற்றைக் கையால் ஆட்டிப் பார்ப்பதற்கும் காசு இல்லை.

பாய் கடையின் குறையையும் சொல்ல வேண்டும். பில் கிடையாது. இரண்டு நாள் என்றால் ஐந்து நாள். போன் எடுக்க மாட்டார். 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ் 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி, கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்ஷன், டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது என்றால் அவரே "கம்பெனிக்குப் போ" என்கிறார். வாரண்டி உள்ள வண்டிக்கும் இந்த ஒப்பீடு பொருந்தாது. நண்பனின் ஆர்எக்ஸ் 100-க்கு இவரை அழைத்துப் போனேன்; டூ ஸ்ட்ரோக்கில் டேப்பெட்டே கிடையாது, சந்தேகப் பட்டியலே வேறு. அதில் அவர் எப்படி என்று ஒரே ஒரு வண்டியை வைத்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

இப்போது மதில் ஓரத்தில் சத்தம் இல்லை. காலையில் முதல் கிக்கில் மட்டும் லேசாக ஒரு கடகட, தெருமுனை தாண்டுவதற்குள் நின்றுவிடும். பிஸ்டன்தான், பாயும் அதைத்தான் சொல்கிறார். "ஆயிலை ஒழுங்கா மாத்து, புகை வந்தா சொல்லு, இதுக்காகப் பிரிக்காதே." மார்கழிக் குளிரில் கூடுகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று விட்டிருக்கிறேன்.