குருமடமா, வீட்டிலிருந்தே பணியா?

குருமடம் போய்க் கத்தோலிக்கக் குருவாவதா, குடும்பத்தோடு வீட்டிலிருந்தபடியே இறைபணி செய்வதா? மட்டக்களப்பில் உயர்தரம் முடித்த தம்பிமார் சிலர் என்னிடம் இதைக் கேட்பதுண்டு.

குருத்துவத்தின் பலம், முழு வாழ்வையும் கொடுத்துவிடுவது. அமெரிக்காவிலிருந்து 1948இல் வந்த இயேசு சபை என்ற துறவற சபையின் குரு யூஜின் ஹேபர்ட், புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கினார். நாற்பது வருடத்துக்கு மேல் இங்கேயே இருந்தார். யுத்தம் வந்தபோதும் போகவில்லை. 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமற்போனார். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

ஆனால் அந்த வழிக்கு நீண்ட குருமடப் படிப்பு வேண்டும், திருமணம் இல்லை, ஆயர் அனுப்பும் பங்குக் கோவிலுக்குப் போகவேண்டும்.

வீட்டிலிருந்து செய்வதென்றால் வேலை, பிள்ளைகள், கடன் போக மிஞ்சும் நேரம்தான். சரி, திருத்தூதர் பவுலும் கூடாரம் தைத்துப் பிழைத்தவர்தானே! பக்கத்து வீட்டு ஆச்சியின் மருந்து எப்போது முடியும் என்று அயலவருக்குத்தான் முதலில் தெரியும். இதை இரண்டாந்தர அழைப்பு என்பதை நான் ஏற்கமாட்டேன்.

என்னிடம் கேட்பவனுக்கு, முதலில் ஒரு வருடம் பங்கில் நோயாளர் வீடுகளுக்குப் போய்வா, அப்புறம் சாமியாரோடு கதை என்கிறேன்.