புழுத்துளைக்கு யார் விதி உறுதி? ஸ்டார்கேட், டீப் ஸ்பேஸ் நைன், ஃபார்ஸ்கேப்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கேரளத்துக்கு ஏற குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று வழி. விடியலில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிறவர்களுக்கு எங்கே சோதனைச்சாவடி, மண் சரிந்தால் எந்த மெட்டைச் சுற்றிப் போக வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. அதே மலைக்குள் தேக்கடிப் பக்கமிருந்து குடைந்த பெரியாறு சுரங்கமும் இருக்கிறது. 1895-லிருந்து அதில் தண்ணீர் கிழக்கே மட்டும்தான் வருகிறது. வெகுதூரத்திலுள்ள இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்குவழிதான் புழுத்துளை. அதை வைத்து வந்த தொலைக்காட்சித் தொடர்களை எடைபோட நம்மூர்க் கேள்விகளே போதும்: வாசல் யார் கையில், ஒருவழியா இருவழியா, எவ்வளவு நேரம் திறந்திருக்கும், கெட்டால் என்ன ஆகும்?

ஸ்டார்கேட் எஸ்.ஜி.-1 (1997–2007) அந்தப் பெரியாறு சுரங்கம் போல. வாசலாக நிற்கும் வளையத்தில் 39 குறிகள். ஆறு குறிகள் போகிற இடத்தைச் சொல்லும், ஏழாவது புறப்படுகிற இடத்தைச் சொல்லும். மிச்சமுள்ள 38 குறிகளை ஆறு இடங்களில் திரும்ப வராமல் அடுக்கினால் 198 கோடியே 76 லட்சத்துக்கு மேல் முகவரிகள். குருட்டாம்போக்கில் டயல் செய்து பார்க்க முடியாது, யாராவது முகவரி தந்தாக வேண்டும். விண்மீன்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால் பழைய முகவரிகள் பிசகிவிடும். அருகில் உள்ள அபைடாஸ் என்ற கிரகம் மட்டும் முதலில் கிடைத்ததற்கு அதுதான் காரணம். மற்றவற்றுக்குக் கணினி நகர்வைத் திருத்திக் கொடுக்க வேண்டியிருந்தது.

இந்தத் தொடரின் உயிர் மூன்று விதிகளில் இருக்கிறது. டயல் செய்த பக்கத்திலிருந்து மட்டுமே பொருள் போகும், ரேடியோ அலை இரு பக்கமும் போகும், வழக்கமாக 38 நிமிடத்துக்கு மேல் வாசல் நிற்காது. இதனால் என்ன ஆகிறது பாருங்கள். எதிரி துரத்தும்போது குழு ஏழு குறிகளையும் அழுத்தி முடித்தாக வேண்டும். அதற்குள் எதிரி வெளியிலிருந்து டயல் செய்துவிட்டால் அந்த வாசல் அவன் கையில், இவர்கள் தப்ப முடியாது. பூமிப் பக்கம் ஐரிஸ் என்ற உலோக மூடி, வாசலில் நீர்ப்பரப்பு போலத் தெரியும் திரையிலிருந்து 3 மைக்ரோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் நிற்கிறது. அந்த இடுக்கில் எந்தப் பொருளும் மறுபடி உருவெடுக்க முடியாது. ஆகவே திரும்புகிறவர்கள் முதலில் ரேடியோவில் அடையாளக் குறி அனுப்பி, மூடி திறந்த பிறகே காலெடுத்து வைக்க வேண்டும். அவசரப்பட்டால் மூடியில் மோதி முடிந்தார்கள்.

விதி உடைகிற இடங்களும் விதிக்குள்ளேயே இருப்பதுதான் இதன் அழகு. இரண்டாம் சீசனில் மறுமுனைக் கிரகம் கருந்துளையில் விழுகிறது, 38 நிமிடம் கடந்தும் வாசல் மூடவில்லை. ஈர்ப்பு இந்தப் பக்கம் கசிகிறது. ரேடியோ எதிர்த்திசையில் வரலாம் என்றால் ஈர்ப்பும் வரலாம்தானே? கணக்கு இடிக்கவில்லை. ஐந்தாம் சீசனில் ஒருவர் வளையத்தின் நினைவகத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறார். மறுபடி டயல் செய்தால் அவர் அழிந்துபோவார், அதனால் பூமியின் வாசலையே பூட்டி வைக்க வேண்டி வருகிறது.

ஸ்டார் டிரெக் வரிசையில் வந்த டீப் ஸ்பேஸ் நைன் (1993–1999) குமுளி மாதிரி. ஒரே துளை, சுமார் 70,000 ஒளியாண்டு தள்ளி மறுவாய், போகவும் வரவும் செய்யலாம், கப்பல் நெருங்கினால் தானே திறக்கும். டயலும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. அதனால் சண்டை முழுக்க வாசற்படியில். முதல் கதையிலேயே விண்வெளி நிலையத்தைக் கோளின் சுற்றுப்பாதையிலிருந்து நகர்த்தித் துளை வாய்க்குக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். ஐந்தாம் சீசன் முடிவில் தாமே பெருகும் கண்ணிவெடிகளால் வழியை அடைக்கிறார்கள். அடுத்த சீசனில் 2,800 எதிரிக் கப்பல்கள் உள்ளே நுழைந்து காணாமல் போவது பலருக்கு ஏமாற்றமாகத் தெரிந்தது. துளையைக் கட்டியவர்கள் அதற்குள் குடியிருக்கிறார்கள் என்று முதல் நாளே சொல்லப்பட்டது. வீட்டுக்காரர் கதவைச் சாத்துவதில் தர்க்கப் பிழை இல்லை, ஆனால் ஒரே ஒரு முறைதான் இந்தச் சீட்டை இறக்கலாம்.

அதே ஸ்டார் டிரெக் உலகில் 1989-இல் காட்டிய பார்சான் துளைக்கு இந்தப் பக்கம் நிலையானது, மறுபக்கம் நகரும். ஃபெரெங்கி என்ற வேற்றுக்கிரக இனத்தின் இரண்டு வியாபாரிகள் போய் மாட்டிக்கொண்டார்கள். 1996-இல் வாயேஜர் தொடர்தான் அவர்களைக் கண்டுபிடித்தது. மறுவாயைச் சோதிக்காமல் கப்பலை விடக் கூடாது என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

ஃபார்ஸ்கேப்பில் (1999–2003) வாசல் யாருடைய கையிலும் இல்லை. வழி நாயகன் கிரைட்டனின் மூளைக்குள் இருக்கிறது. புராதனர் எனப்படுவோர் சமன்பாடுகளை அவன் நினைவில் புதைத்துவிட்டார்கள். எதிரிகள் இடத்தைப் பிடிக்க வரவில்லை, மண்டையைத் திறக்க வருகிறார்கள். துளைக்குள் கிளை பிரிகிறது. தவறான கிளையில் வெளியேறினால் வேறு காலமோ, நம் உலகை ஒத்த வேறொரு உலகமோதான் கிடைக்கும். உணர்ச்சிக்கு இது மூன்றிலும் வலுவானது, விதிக்கு மூன்றிலும் தளர்வானது. எப்போது துளை தோன்றும் என்பது கதாசிரியர் வசதிக்கே விடப்பட்டிருக்கிறது.

தி எக்ஸ்பான்ஸ் தொடரில் வரும் புழுத்துளை வளையத்தில் ஒரு விதி மட்டும் இங்கே சொல்லத் தக்கது: உள்ளே வேக வரம்பு உண்டு. மிஞ்சிப் பாய்ந்த கப்பல் கணத்தில் நின்றது, ஓட்டியவர் உடல் நிற்கவில்லை.

இயற்பியலோடு உரசிப் பார்த்தால் வரிசை மாறும். 1935-இல் ஐன்ஸ்டைனும் ரோசனும் எழுதிய பாலத்தில் யாரும் கடக்க முடியாது. 1988-இல் இயற்பியலாளர்கள் மோரிஸும் தோர்னும் கடக்கக்கூடிய துளைக்கு நிபந்தனை வைத்தார்கள்: நிகழ்வெல்லை, அதாவது தாண்டினால் திரும்ப முடியாத எல்லை, இருக்கக் கூடாது, இருபக்கமும் போக்குவரத்து வேண்டும், உடலைப் பிய்க்கும் ஓதவிசை தாங்கும் அளவில் இருக்க வேண்டும், தொண்டை மூடாமலிருக்க எதிர்மறை ஆற்றல் வேண்டும். இதற்குக் கிட்டத்தில் நிற்பது டீப் ஸ்பேஸ் நைன். ஸ்டார்கேட்டின் நீர்ப்பரப்புக்கு நிகழ்வெல்லை என்று பெயர் வைத்ததே இந்தக் கணக்கில் தப்பு. ஒரு வாயை வேகமாக நகர்த்தினால் இரு பக்கமும் கடிகாரம் பிசகி, துளையே கால இயந்திரமாகும் என்பதும் அதே ஆண்டு ஆய்வில் வந்தது. அந்த வகையில் ஃபார்ஸ்கேப்பின் காலக் குழப்பத்துக்கும் ஒரு வேர் இருக்கிறது.

கதைக்குள் விதியைக் காப்பதில் ஸ்டார்கேட்டையே முதலில் வைக்கிறோம். புதிதாகப் பார்ப்பவர்கள் முதல் கதையைப் பார்த்துவிட்டு நேரே இரண்டாம் சீசனின் அந்தக் கருந்துளைக் கதைக்கு வாருங்கள், கையில் ஒரு கடிகாரம் இருக்கட்டும்.