நோட்ரடாமுக்கு 10 கோடி, இத்தாலிக்கு 125 கோடி

2019 ஏப்ரல்ல பாரிஸ் நோட்ரடாம் சர்ச் எரிஞ்சப்ப, குச்சி (Gucci) ங்கற சொகுசு ஃபேஷன் பிராண்டை வெச்சிருக்கற பினோ குடும்பம் உடனே 10 கோடி யூரோ தர்றோம்னு அறிவிச்சாங்க. அடுத்த மாசமே அவங்க கம்பெனி கெரிங், இத்தாலி வரித்துறையோட சமரசத்துக்கு வந்து வரி, அபராதம், வட்டி எல்லாம் சேர்த்து 125 கோடி யூரோ கட்ட ஒத்துக்கிச்சு, குச்சி வருமானத்த ஸ்விட்சர்லாந்து கம்பெனி கணக்குல காட்டி இத்தாலில வரி கட்டாம விட்டுட்டாங்கன்னுதான் புகார்.

பணக்காரங்க நன்கொடை குடுத்தா அது வரிக்கு ஈடாயிடுமா? நன்கொடைனா எதுக்கு, எவ்ளோ, எப்பங்கறத கொடுக்கறவரே முடிவு பண்றாரு. சர்ச்சுக்கு காசு கிடைச்சுது, 2024 டிசம்பர்ல திரும்ப திறந்துட்டாங்க, ரொம்ப நல்ல விஷயம். ஆனா வரி நர்ஸ் சம்பளம், கிராமத்து ஸ்கூல், சாக்கடை, பென்ஷன்னு யாரும் கல்வெட்டுல பேர் போட்டுக்க ஆசைப்படாத இடத்துக்கெல்லாம் போகும், அது எங்க போகணும்னு பார்லிமென்ட்ல சண்டை போட்டு முடிவு பண்ணுவாங்க, பிடிக்கலன்னா அடுத்த எலெக்‌ஷன்ல ஆளையே மாத்தலாம், பினோவ அப்படி யாரால மாத்த முடியும்?

இன்னொண்ணு, பிரான்ஸ்ல கம்பெனி 100 யூரோ நன்கொடை குடுத்தா பொதுவா 60 யூரோவ வரில கழிச்சுக்கலாம், அதாவது பாதிக்கு மேல ஜனங்க காசு. பினோ குடும்பம் அந்த சலுகையே வேணாம்னு சொல்லிட்டாங்க, அதுக்கு மனசார மரியாதை குடுக்கறேன். ஆனாலும் இத்தாலிக்காரனுக்கு வர வேண்டிய வரிய பாரிஸ் சர்ச் கூரை எப்படிங்க ஈடுகட்டும்?