மைக்கா, திரை எழுத்தா, சைகைமொழியா: காது கேளாத மாணவருக்கு வகுப்பில் எது கைகொடுக்கும்?

காதுகேள் கருவி மாட்டிவிட்டால் வகுப்பில் எல்லாம் கேட்டுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பேசுபவர் ஒன்றிரண்டு மீட்டருக்குள் இருந்தால்தான் அந்தக் கருவி நன்றாக உதவும். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். நாற்காலி இழுபடும் சத்தமும் மின்விசிறிச் சத்தமும் குறையாது. கருவி எல்லாவற்றையும் சேர்த்தே பெருக்கிக் கொடுக்கும். அதனால்தான் வகுப்பில் இன்னொரு ஏற்பாடும் தேவைப்படுகிறது.

முதலில் மைக். ஆசிரியர் இதை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் சட்டையில் குத்திக்கொள்வார். குரல் கம்பியில்லாமல் நேராக மாணவரின் கருவிக்கோ காக்ளியர் இம்ப்ளான்டுக்கோ (அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் கருவி) போய்விடும். குழந்தைகளுக்கு, சுற்றுச் சத்தத்தைவிட ஆசிரியர் குரல் 15 டெசிபலாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பார்கள் செவியியல் நிபுணர்கள். சாதாரண வகுப்பறையில் அது அபூர்வம். மைக் இருந்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆனால் போய்ச் சேருவது ஆசிரியர் குரல் மட்டும்தான். பின்வரிசை மாணவி சொன்ன பதிலும், அதைக் கேட்டு வகுப்பே ஏன் சிரித்தது என்பதும் தெரியாது. பேசுபவர் கைக்கு மைக்கை மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஆசிரியர் அந்தப் பதிலைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம், இன்னொரு மாணவரைத் தனியாகக் கண்டிக்கும்போது மைக்கை அணைக்க மறக்கக் கூடாது.

அடுத்தது திரை எழுத்து, அதாவது பேசுவதை உடனுக்குடன் திரையில் எழுத்தாகக் காட்டுவது. இதில் இரண்டு வகை. பயிற்சி பெற்றவர் ஸ்டெனோ இயந்திரத்தில் (பேச்சு வேகத்துக்குச் சுருக்கெழுத்தில் தட்டச்சு செய்யும் கருவி) அடித்துக் கொடுப்பது நம்பகமானது, செலவும் அதிகம். மென்பொருள் தானாகத் தருவது மலிவு. ஆனால் அது சறுக்குவது பெரும்பாலும் பாடத்தின் கலைச்சொற்களில். அந்தச் சொல்லை முதல்முறையாகப் பார்க்கும் மாணவருக்கு அது பிழை என்றே தெரியாது, தவறாகவே மனதில் பதியும். வெறும் தானியங்கி எழுத்தைப் போட்டுவிட்டு ஏற்பாடு முடிந்தது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வேகமாக வாசிக்கத் தெரியாத சின்னக் குழந்தைகளுக்கு இரண்டு வகையுமே உதவாது. கல்லூரி மாணவருக்கோ வகுப்பு முடிந்ததும் எழுத்து வடிவமே குறிப்பாகக் கிடைப்பது பெரிய வசதி.

சைகைமொழியில் வளர்ந்த குழந்தைக்கு மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மற்ற இரண்டும் பாடத்தை மாணவரிடம் கொண்டுபோவதோடு சரி. மொழிபெயர்ப்பாளர் இருந்தால் அந்தக் குழந்தை தன் மொழியிலேயே கேள்வி கேட்கலாம், வாதாடலாம். நீண்ட வகுப்புக்கு இருவர் தேவை. 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள், இல்லையென்றால் களைப்பில் தரம் குறையும். பாடக் குறிப்பை முன்னாலேயே அவர்களிடம் கொடுத்துவிடுவது நல்லது.

திரை எழுத்துக்கும் சைகைமொழிக்கும் பொதுவான சிக்கல், இரண்டுக்கும் கண் தேவைப்படுவதுதான். வேதியியல் வகுப்பில் பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து காரம் சொட்டுகிறது. ஃபீனால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டி கலந்த அமிலம் இளஞ்சிவப்பாக மாறும் நொடியில் ஆசிரியர் பேசிக்கொண்டே இருந்தால், மாணவர் எதைப் பார்ப்பார்? செய்து காட்டும்போது பேச்சை நிறுத்துங்கள், பிறகு விளக்குங்கள். இதற்குச் செலவே இல்லை.

எச்சக் கேள்திறன் (மிச்சமிருக்கும் கொஞ்சம் கேட்கும் திறன்) உள்ளவருக்கு முதலில் மைக், மேல்வகுப்புக்குப் போனதும் கூடவே திரை எழுத்து என்பேன். எதை வைத்தாலும் “கேட்கிறதா?” என்று விசாரிக்காதீர்கள், பாதி பேர் தலையாட்டிவிடுவார்கள். அப்போது சொன்ன பாடத்திலிருந்தே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.