பேசும் அட்டை மெஷின்: அட்டைக்கு நாலு ஸ்டார், மெஷினுக்கு ஒன்று

மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. இன்னும் பத்துப் பன்னிரண்டு வார்த்தைதானா, எதிர்வீட்டுப் பையன் இந்த வயதில் பாட்டே பாடினானே என்று ஆளாளுக்குச் சொல்லச் சொல்ல, ஒரு ராத்திரி பதினோரு மணிக்குப் பயந்துபோய் ஆர்டர் போட்டதுதான் இது. ஐந்நூறு ரூபாய்க்குள். பிராண்டு பெயர் வேண்டாம், ஒரே சரக்கு பல பெயரில் விற்கிறது.

அட்டையைச் சொருகினால் படத்தின் பெயரை இங்கிலீஷில் சொல்லும், மிருகமாக இருந்தால் கத்தியும் காட்டும். சார்ஜ் நிற்கிறது, கீழே போட்டும் உடையவில்லை. சத்தத்தைக் குறைக்கத்தான் வழியே இல்லை. கத்திரிக்காயை ‘எக்பிளாண்ட்’ என்கிறது, எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

வாத்து அட்டையைச் சொருகுவாள். அது ‘குவாக் குவாக்’ என்றதும் மெஷினைப் பார்க்க மாட்டாள், சட்டென்று திரும்பி என் முகத்தைப் பார்ப்பாள். நான் போனில் இருந்தால் அட்டையை உருவி மறுபடி சொருகுவாள், நான் நிமிரும்வரை. இதைக் கவனிக்கவே எனக்கு மூன்று நாள் ஆனது.

அப்புறம் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் அன்னா சோசா என்பவர் 10 முதல் 16 மாதக் குழந்தைகள் 26 பேர் வீட்டில் பெற்றோரோடு விளையாடுவதை ஒலிப்பதிவு செய்து பார்த்திருக்கிறார், 2015 கடைசியில் வந்த ஆய்வு. பேசும் பொம்மை இருந்தால் பெற்றோர் பேசுவது குறைந்துவிடுகிறது, புத்தகம் இருந்தால் கூடுகிறது. அதற்கு முன்பே 2003இல் பட்ரிசியா குல் என்ற ஆய்வாளரின் குழு ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளை மாண்டரின் என்ற சீன மொழியைக் கேட்கவைத்தது. எதிரே உட்கார்ந்து விளையாடியவரிடம் கேட்டவர்களுக்கு அந்த ஒலிகள் பிடிபட்டன, வீடியோவில் கேட்டவர்களுக்கு ஒன்றும் ஏறவில்லை. சரிதான், மெஷின்தான் பேசுகிறதே என்று நானும் வாயை மூடிக்கொண்டுதானே இருந்தேன்.

ஊரிலிருந்து அம்மா வந்ததும் ‘காது வலிக்குது’ என்று மெஷினைப் பரணில் போட்டுவிட்டார். அட்டைகள் மட்டும் பாயில். பசுவை எடுத்து, ‘நம்ம செவலை இன்னைக்குப் பால் தரமாட்டேங்குது, ஏன்டி கண்ணு?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். இவளும் யோசிப்பாள், அப்புறம் ஒரு ‘ம்மா’ வரும். ‘ஓ, கன்னுக்குட்டி குடிச்சிருச்சா?’ என்று அதிலிருந்து அடுத்த கதை.

அட்டை தடிமன், முனை மழுங்கல், படம் தெளிவு. அட்டை மட்டும் தனியாகக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பேச்சு தாமதம் என்று நிஜமாகவே சந்தேகம் இருந்தால் முதலில் குழந்தைகள் டாக்டரிடம் காட்டுங்கள். நாங்களும் காட்டினோம், காது நன்றாகக் கேட்கிறது என்றார்.

பென்குவின் அட்டையை அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. ‘கோட்டுப் போட்ட காக்கா’ என்று பெயர் வைத்துவிட்டார். மகளுக்கு அது ‘கோத்துக் காக்கா’. இப்போது மாடி வீட்டு வக்கீல் சாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.