பளபளன்னு இருந்த பெல்லட்டும் நான் திட்டின என் பொண்ணும்

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுற பிள்ளைகளோட அப்பா அம்மாக்கள் இதைக் கொஞ்சம் நிதானமாப் படிங்க. சென்னையில செகண்ட் ஹேண்ட் ரைஃபிளை வச்சு ஓட்டிக்கிட்டிருக்கிறவங்க கண்டிப்பாப் படிங்க. பத்து டப்பா பெல்லட்டுக்கு (ஏர் ரைஃபிள்ல காத்தழுத்தத்துல சுடுற குட்டி ஈயக் குண்டு) 14,000, சர்வீஸுக்கு 6,500, ஆக மொத்தம் 20,500 ரூபாய் ஒரே ஆளிடம் கொடுத்து ஏமாந்திருக்கேன். கடைப் பேரை இங்கே எழுதலை. விஷயம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கு.

எங்க வீடு அம்பத்தூர். பொண்ணு இந்த வருஷம் பத்தாவது முடிச்சா. படிக்கிற மேசைக்கு மேல இளவேனில் வாலறிவன் படம் ஒட்டியிருக்கும். கடலூர்ல பிறந்து, 2019-ல ரியோ உலகக் கோப்பையில இதே பத்து மீட்டர்ல தங்கம் வாங்கினவங்க. புது ரைஃபிள் விலை நமக்குக் கட்டுப்படியாகாது. கிளப்ல ஒரு சீனியர் பையன் மேல்படிப்புக்குப் போறப்போ வித்த ஜெர்மன் ரைஃபிளை வாங்கினோம். அதுல அறுபது ஷாட்டுக்கு 613 பாயிண்ட் வரைக்கும் வந்துட்டா. முழுசா எடுத்தா 654.

ரைஃபிள்ல லேசாக் காத்துக் கசியுற சத்தம் வந்துச்சு. கிளப்ல ஒருத்தர் சொல்லி, அவருக்கு இன்னொருத்தர் சொல்லி, இந்த ஆள்கிட்டப் போனோம். வீட்டு முன்னறைதான் கடை. சுவர் முழுக்கப் பதக்கம், அது யாரோடதுன்னு நானும் கேட்கலை. "சீல் எல்லாம் ஒரிஜினல் சார், வெளிநாட்டுல இருந்து வந்தது"ன்னார். ரெண்டு நாள்ல ரைஃபிள் கைக்கு வந்துருச்சு, சத்தமும் நின்னுருச்சு. அந்த சந்தோஷத்துல இருக்கும்போதே பெல்லட் டப்பாவை எடுத்து வச்சார். தலை அகலம் 4.50 மில்லிமீட்டர், போட்டிக்கான மேட்ச் கிரேடு, டப்பாவுக்கு 500 பெல்லட், விலை 1,400, வெளியில கேட்டதை விட 400 ரூபாய் குறைவு. திறந்து காட்டினார், வெள்ளிக் கொலுசு மாதிரி மின்னிச்சு. "பில் போட்டா ரேட் ஏறும் சார், ஜிபே பண்ணிருங்க." தலையாட்டிட்டு வந்தேன்.

அடுத்த மாசம் 606. அப்புறம் 602. ஒத்திவாக்கம் ரேஞ்சுல நடந்த போட்டியில 599. திரும்பி வர்றப்போ ஜிஎஸ்டி ரோட்டுல தாம்பரம் வர்ற வரைக்கும் கார்ல யாரும் பேசலை. அந்த ஆளுக்குப் போன் போட்டேன். "ரைஃபிள் பக்கா சார். பாப்பாவுக்கு மனசு வேற எங்கேயோ இருக்கு. வயசு அப்படி, கொஞ்சம் கவனிச்சுக்கோங்க"ன்னார்.

இதைக் கேட்டுட்டு நான் வீட்டில பண்ணினதுதான் எனக்கு இன்னைக்கும் உறுத்துது. போனைப் பிடுங்கி பீரோவில வச்சேன். தோழிகளோட டியூஷன் போறதை நிறுத்தினேன். "இவ்வளவு செலவு பண்றேன், நீ எங்கே பராக்குப் பாக்குறே"ன்னு அவ அம்மா முன்னாடியே கேட்டேன். அவ சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: "அப்பா, நல்லா விட்ட ஷாட்டும் வெளியே போகுது." நம்பலை. கடைக்காரர் சொன்னதை நம்பினேன்.

கணக்குப் போட்டிருந்தா அப்பவே புரிஞ்சிருக்கும். 14 பாயிண்ட் குறைஞ்சது அறுபது ஷாட்டுல. ஒரு ஷாட்டுக்கு 0.23. தூரமா மாத்தினா அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. குறியோட நடுவுல இருக்கிற பத்தாம் வளையமே அரை மில்லிமீட்டர் புள்ளிதான். இதைக் கவனச் சிதறல்னும் சொல்லலாம், ஈயத்துல கோளாறுன்னும் சொல்லலாம். ஏமாத்துறவனுக்கு இந்தக் குழப்பம்தான் மூலதனம்.

முடிச்சை அவிழ்த்தது டெக்சஸ்ல இருக்கிற எங்க பெரியப்பா பையன். அண்ணன் அங்கே பெரிய ரைஃபிள்களுக்குத் தோட்டாவைத் தானே கட்டிக்கிறவர். இங்கே 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாம அந்த வேலையை நினைச்சுக்கூடப் பாக்க முடியாது, அங்கே அது சர்வ சாதாரணமான பொழுதுபோக்கு. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது பொண்ணைப் பத்திப் புலம்பினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "டேய், குண்டு எவ்வளவு ஆழத்துல உட்காருதுன்னு பாத்தியா? அவளைத் திட்டுறதுக்கு முன்னாடி அதைப் பாரு."

அவர் கதையைக் கேட்டா நம்ம கதை விளங்கும். அவர் தோட்டா கட்டும்போது குண்டைப் பித்தளைக் கேஸோட (மருந்து அடைக்கிற உறை) கழுத்துல அழுத்தி உட்கார வைப்பாராம். அளவு தாண்டி ஆழமா இறங்கினா உள்ளே இடம் குறைஞ்சு அழுத்தம் ஏறும். ரொம்ப வெளியே நின்னா பேரலுக்குள்ள இருக்கிற சுருள் வரித்தடத்துல போய் முட்டும், அப்பவும் அழுத்தம் ஏறும். குண்டோட நுனி ஒண்ணுக்கொண்ணு வித்தியாசப்படுமாம், அதனால நுனியை விட்டுட்டு, குண்டு பெருக்கத் தொடங்குற வளைவுல இருந்து கேஸ் அடி வரைக்கும் அளப்பார். அளவெல்லாம் ஆயிரத்துல ஒரு பங்கு இஞ்ச் கணக்கு. அதைவிடப் பெரிய தலைவலி கழுத்து. ஒவ்வொரு தடவை சுட்டு, மறுபடி சுருக்கி, மறுபடி கட்டக் கட்டப் பித்தளை இறுகிப்போகும். பிடிப்பு ஒரு கேஸ்ல ஒரு மாதிரி, அடுத்ததுல வேற மாதிரி. முத்திப்போனா கழுத்துல விரிசலே விட்டுரும். அதுக்குத்தான் கழுத்தை மட்டும் சூடு காட்டிப் பதப்படுத்துறாங்களாம்.

ஒரு தடவை 'ஒரே முறை சுட்டது'ன்னு சொல்லி ஒருத்தன் 200 கேஸ் வித்திருக்கான். தங்கம் மாதிரி மின்னிச்சாம். குண்டை உட்கார வைக்கும்போதுதான் கழுத்து வரிசையாப் பிளந்திருக்கு. பல தடவை சுட்ட பழசை உருட்டிப் பாலிஷ் போட்டு வித்திருக்கான். "பளபளப்புக்கும் வயசுக்கும் சம்பந்தமே இல்லடா"ன்னார்.

பளபளப்புன்னதும் எனக்கு டப்பா ஞாபகம் வந்துருச்சு.

ஏர் ரைஃபிள்ல கேஸும் கிடையாது, மருந்தும் கிடையாது. நாலரை மில்லிமீட்டர் ஈயப் பெல்லட்டே எல்லாம். தலை பேரல் வரித்தடத்தைப் பிடிக்கணும். பின்னால பாவாடை மாதிரி விரிஞ்சிருக்கிற ஸ்கர்ட், பின்பக்கக் காத்தை ஒழுக விடாம அடைக்கணும். அண்ணனுக்குக் கேஸ் கழுத்து எப்படியோ, நமக்கு இந்த ஸ்கர்ட் அப்படி. அது கோணிப்போனா மத்தது எல்லாம் வீண்.

லென்ஸ் வச்சுப் பாத்தேன். ஒரு டப்பாவுல கொட்டின நூறுல முப்பத்தொண்ணுக்கு ஸ்கர்ட் நெளிஞ்சிருக்கு, சிலது முட்டை வடிவம். மோந்து பாத்தா தையல் மெஷின் எண்ணெய் வாசம். சென்னைக் காத்துல ஈரம் எவ்வளவுன்னு சொல்லவே வேண்டாம், சரியா மூடி வைக்காத ஈயம் வெள்ளைப் பொடி பூத்துரும். பூத்துப்போன பழைய சரக்கைக் கழுவி, உருட்டி, எண்ணெய் தடவி மறுபடி டப்பாவுல அடைச்சிருக்காங்க. ஸ்கர்ட்டோட உள்மடிப்புல மட்டும் வெள்ளை அப்படியே இருந்துச்சு. மூடியில ஒட்டின பேட்ச் நம்பர் ஒண்ணு, அடியில இருந்தது வேற ஒண்ணு.

பெரம்பூர்ல நகைக்கடை வச்சிருக்கிற நண்பர் தராசுல இருபதை நிறுத்துப் பாத்தோம். 0.53 கிராம் இருக்க வேண்டியது, 0.50-ல இருந்து 0.54 வரைக்கும் ஓடுது. கிளப்ல கோச் வச்சிருந்த நல்ல டப்பாவுல இருபதும் மில்லிகிராம் கணக்குலதான் விலகிச்சு. (ஈயத்தைத் தொட்டா சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. பிள்ளைகள் அதே கையோட சமோசா சாப்பிடுறதைத் தினமும் பாக்குறேன்.)

சர்வீஸ் கதை இன்னும் மோசம். கோச் ரைஃபிளைத் திறந்து பாத்தார். பேரலோட பின்வாய்ல ஒரிஜினல்னு போட்டிருந்த சீல் வளையம், பைப் ஃபிட்டிங் கடையில கிடைக்கிற சாதா ரப்பர் வாஷர் ரகம், தடிமனும் கூட. அதனால பெல்லட் போட்டு மூடுற லீவர் முழுசா மூடவே இல்லை. லீவர் மூடாததால பெல்லட்டைத் தள்ளுற கம்பி கொஞ்சம் முன்னாடியே நின்னுடுது. பெல்லட் முழுசா உள்ளே இறங்காம ஸ்கர்ட் ஓரம் சீவுது. அண்ணன் கேட்ட அதே ஆழம்! வேகமானியில வச்சுச் சுட்டதுல நொடிக்கு 158 மீட்டர், 171, 163, 174ன்னு தாறுமாறு. சரியா இருந்தா 170-ஐ ஒட்டி நாலஞ்சு மீட்டருக்குள்ள நிக்கணும்னார்.

முறையான வளையம் மாத்தி, ரைஃபிளை வைஸ்ல இறுக்கி, மனுஷக் கையே படாமப் பத்துப் பத்தாச் சுட்டோம். கோச் டப்பா: பத்து ஓட்டையும் வெளி ஓரத்துக்கு வெளி ஓரம் 6 மில்லிமீட்டருக்குள்ள அடங்கிச்சு. என் டப்பா: 11. பொண்ணு பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. ஒண்ணும் பேசலை. நானும்தான்.

அந்த ஆளைப் பாக்கப் போனா, "வேற டப்பா மாத்தித் தர்றேன், பெருசு பண்ணாதீங்க"ன்னார். அந்த வேற டப்பாவையும் திறக்கச் சொன்னேன். அதே எண்ணெய் வாசம்.

வாங்கும்போது நீங்க பாக்க வேண்டியது பெருசா ஒண்ணுமில்லை. மூடியிலயும் அடியிலயும் பேட்ச் நம்பர் ஒண்ணான்னு பாருங்க. டப்பாவைத் திறந்து மோந்து பாருங்க, ஸ்கர்ட் உள்ளே வெள்ளை இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. பத்து டப்பா ஒரே மூச்சுல வாங்காம ஒண்ணு வாங்கி வைஸ்ல சுட்டுப் பாத்துட்டு அதே பேட்ச்ல மீதியை வாங்குங்க. சர்வீஸுக்குக் கொடுத்தா கழட்டின பழைய சீலைத் திருப்பிக் கேளுங்க. ரைஃபிளோட காத்துச் சிலிண்டர்ல தேதி பொறிச்சிருக்கும், பத்து வருஷம் தாண்டினதைத் தூக்கிப் போடுங்க. அதுல இருக்கிறது 200 பார் அழுத்தம், அங்கே மட்டும் சிக்கனம் வேண்டாம்.

முதல்ல 1915-க்குப் போன் பண்ணி தேசிய நுகர்வோர் உதவி எண்ல பதிஞ்சேன். பிறகு மாவட்ட ஆணையத்துல மனு. 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, ரெண்டு வருஷத்துக்குள்ள கொடுக்கணும். பில் இல்லாததால ஜிபே ரசீது, வாட்ஸப் பேச்சு, கோச்சோட குறிப்பு எல்லாத்தையும் இணைச்சிருக்கேன். இதே ஆள்கிட்ட வாங்கின இன்னும் ரெண்டு குடும்பம் இருக்கு. ஒருத்தர் டப்பாவை ஏற்கெனவே தூக்கிப் போட்டுட்டார். நீங்க போடாதீங்க, மூடியோட வச்சிருங்க. என்கிட்ட மிச்சம் ஏழு டப்பா, ரப்பர் பேண்ட் போட்டு, பொண்ணோட போன் இருந்த அதே பீரோவில இருக்கு. போன் அவகிட்டப் போயிருச்சு.